ஒலிப் பட்டறை கேள்வி – பதில்: ஆம்புக்கு முன்னால் பிரியுங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு பெட்டிக்கு ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்று இல்லாமல் கனத்த ஒலிக்கான வூஃபருக்கு ஒன்று, மெல்லிய ஒலிக்கான ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப் கொடுத்து, ஒலியை ஆம்புக்கு முன்னாலேயே பிரித்துவிடுவதுதான் நான் என் வீட்டில் வைத்திருக்கும் முறை என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் பட்டறை மேசையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

அண்ணாச்சி, 1990 வாக்கில் வாங்கிய த்ரீ வே ஸ்பீக்கர் ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. ஒரு பெட்டியில் குரல் மங்கிவிட்டது. திறந்து பார்த்த ஒரு தம்பி, உள்ளே இருக்கிற கிராஸோவரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆறு ஸ்பீக்கருக்கும் ஆறு ஆம்ப் போடலாம் என்கிறார். எனக்கு வேண்டியது நாகஸ்வரமும் தவிலும் நேரில் கேட்பது போலக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். என்ன செய்யட்டும்?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கல்லிடைக்குறிச்சி)

முதலில் அந்தத் தம்பி என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். உங்கள் பெட்டிக்குள் ஒரு சின்னப் பலகையில் செப்புக்கம்பிக் காயிலும் கண்டென்சரும் ரெசிஸ்டன்ஸும் இருக்கும். அதுதான் கிராஸோவர். ஆம்ப் அனுப்பும் மொத்த ஒலியையும் வாங்கி, கனத்ததை வூஃபருக்கும் நடுவில் உள்ளதை மிட்டுக்கும் மெல்லியதை ட்வீட்டருக்கும் பிரித்துவிடுவது அதன் வேலை. அதாவது ஆம்ப் பெருக்கி முடித்த பிறகு பிரிக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் கன்னடியன் கால் ஓடுகிறதே, அதையே வைத்துச் சொல்கிறேன். வயல் ஓரத்து வாய்க்காலில் தண்ணீரைத் திருப்ப ஒரு பலகையும் நாலு வெட்டு மண்ணும் போதும். ஆறே பெருகி வரும்போது திருப்ப வேண்டுமென்றால் கல்லணை கட்ட வேண்டும். ஆம்புக்கு முன்னால் இருக்கும் ஒலி ஒரு வோல்ட் அளவுள்ள வாய்க்கால். ஆம்பைத் தாண்டியதும் அது ஆறு. 8 ஓம் வூஃபரையும் மிட்டையும் 500 ஹெர்ட்ஸில் பிரிக்க, மிகச் சாதாரணமான முறையிலேயே 2.5 மில்லிஹென்றி காயிலும் 40 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தேவை. காயில் கைப்பிடி அளவு வரும். அதே பிரிவை ஆம்புக்கு முன்னால் செய்தால் உளுந்து அளவுக் கண்டென்சரும் ரெசிஸ்டன்ஸும் ஒரு ஐ.சி.யும் போதும். இந்த இரண்டாவது வகையைத்தான் ஆக்டிவ் கிராஸோவர் என்கிறோம். நம் பக்கத்துக் கொடை விழாக்களில் ரேடியோ செட்டுக்காரர்கள் பாக்ஸை அடுக்கி, பேஸுக்கு ஒரு ஆம்ப், மிட்டுக்கு ஒன்று, மேலே ஹார்னுக்கு ஒன்று என்று வைக்கிறார்களே, அதே வேலைதான். அதை வீட்டுப் பட்டாசலுக்குள் கொண்டுவருகிறோம்.

நாகஸ்வரம், தவில் என்று நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையின் அருமை அந்த இரண்டையும் சேர்ந்து கேட்கும்போதுதான் தெரியும். தவில்காரர் தொப்பியில் ஓங்கி ஒரு அடி கொடுக்கிறார். அந்தக் கணத்தில் ஆம்ப் தன் சக்தி முழுவதையும் கொட்டியாக வேண்டும். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். ஒரே ஆம்ப் என்றால் அந்த அலைமேல் சவாரி செய்துகொண்டிருக்கும் நாகஸ்வரமும் சேர்ந்து வெட்டுப்படும். தவில் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் குழலில் ஒரு கீறல் கேட்கும். வெட்டுப்பட்டதில் பிறக்கும் பிசிறு நேராக ட்வீட்டருக்குப் போய் அதன் காயிலையும் சூடாக்கும். தனித்தனி ஆம்ப் இருந்தால், தொப்பி அடியில் வூஃபர் ஆம்ப் திணறினாலும் அந்தப் பிசிறு வூஃபரோடு நின்றுவிடும். வூஃபரால் அதைச் சரியாக ஒலிக்கவும் முடியாது. குழல் குழலாகவே இருக்கும்.

காயிலைக் கழற்றினால் பேஸ் இறுகும் என்பார்கள். கொஞ்சம் உண்மை. காயிலுக்கு அரை ஓம் தடை இருந்தால் ஆம்பின் பிடி அந்த அளவு தளரும். ஆனால் வூஃபரின் சொந்தக் காயிலுக்கே 6 ஓம் பக்கத்தில் தடை இருக்கிறது. அதை யாரும் கழற்ற முடியாது. இதை ஒரு அதிசயம் மாதிரிச் சொல்கிறவர்களை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். கம்பெனி கட்டின பெட்டியில் அந்தப் பலகை ஒலியைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. 20 சென்டிமீட்டர் அகலப் பெட்டியில் ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகத் தொடங்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பகுதி மெலியும். அதைச் சரிக்கட்டுவது, மிட்டின் ஒரு துருத்தலை அமுக்குவது எல்லாம் அதே பலகைதான். அளந்து பார்க்காமல் அதைத் தூக்கிப்போட்டால், இதையெல்லாம் புதிதாகச் செய்ய யாராவது உட்கார வேண்டும். 30 வருஷத்தில் வறண்டுபோவது அந்தப் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள்தான். இரண்டு பெட்டியிலும் அதே மதிப்பில் 'நான்-போலார்' (ப்ளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) கண்டென்சர் வாங்கி மாற்றுங்கள். பெரும்பாலும் மங்கிய குரல் திரும்பிவிடும். நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவுகள் எல்லாம் பழைய மோனோ பதிவுகள். அவற்றின் உயிர் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. மிட் சரியாக இருந்தால் உங்களுக்கு அது போதும்.

என் ஸ்பீக்கரின் பின்னால் நாலு திருகு இருக்கிறது. நடுவில் இருந்த தகட்டை எடுத்துவிட்டு இரண்டு ஆம்ப் கொடுத்துவிட்டேன். நானும் நீங்கள் சொல்லும் முறைக்கு வந்துவிட்டேனா?
(கல்லூரி மாணவர், மேலப்பாளையம்)

இல்லை தம்பி. தகட்டை எடுத்தது சரி, எடுக்காமல் கொடுத்திருந்தால் இரண்டு ஆம்பும் ஒன்றோடொன்று மோதிப் புகைந்திருக்கும். ஆனால் பெட்டிக்குள் காயிலும் கண்டென்சரும் அப்படியேதான் இருக்கின்றன. உங்கள் இரண்டு ஆம்பும் முழு ஒலியையும் பெருக்குகின்றன. பிரிவு இன்னும் பின்னால்தான் நடக்கிறது. தவிலடியில் ட்வீட்டர் ஆம்பும் அதே வோல்ட்டுக்குத் தாவத்தான் வேண்டும். இரண்டாவது ஆம்பை விற்றுவிடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. வைத்திருங்கள், புதுப் பெட்டி கட்டும்போது உதவும்.

எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்குவது? 100 வாட்ஸ் ஆம்ப் ஒன்றுக்குப் பதில் 100 வாட்ஸ் இரண்டு வேண்டுமா?
(ஜவுளிக் கடை வைத்திருப்பவர், சங்கரன்கோவில்)

வேண்டாம், கணக்கு உங்களுக்குச் சாதகம். பேஸ் அலை 20 வோல்ட் உச்சம், மேல் ஸ்தாயி அலை 20 வோல்ட் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆம்பில் இரண்டும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வந்தால் 40 வோல்ட். 8 ஓமில் அது 100 வாட்ஸ் ஆம்பின் வேலை. தனித்தனியாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் 20 வோல்ட்தான். 8 ஓமில் 25 வாட்ஸ். அதாவது 25 வாட்ஸ் ஆம்ப் இரண்டு, வெட்டுப்படாமல் ஒலிக்கும் விஷயத்தில், 100 வாட்ஸ் ஆம்புக்குச் சமமாக நிற்கும். பாட்டில் எப்போதும் இப்படிப் பாதிப் பாதியாக வராது. பேஸ்தான் அதிகம் தின்னும். அதனால் வூஃபருக்கு எல்.எம். 3886 அல்லது டி.டி.ஏ. 7294 ஐ.சி.யில் கட்டிய 50 வாட்ஸ், ட்வீட்டருக்கு எல்.எம். 1875-இல் 20 வாட்ஸ் என்றால் வீட்டுக்குத் தாராளம்.

ஒரு தொந்தரவு உண்டு. ட்வீட்டர் நேராக ஆம்போடு இருப்பதால் ஆம்பின் சொந்த 'ஸ்ஸ்' இரைச்சல் இரவில் காதுக்கு எட்டும். ட்வீட்டர் வூஃபரைவிடச் சத்தமானதாக இருந்தால், ஒலியைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸை ட்வீட்டர் ஆம்பின் இன்புட் வாயிலேயே வையுங்கள். கிராஸோவரின் இரைச்சலும் சேர்ந்து குறையும். பழைய முறையில் இதையே ஆம்புக்குப் பின்னால் பெரிய ரெசிஸ்டன்ஸ் போட்டு, வாங்கின வாட்ஸைச் சூடாக்கி வீணாக்குவார்கள்.

புது ஆக்டிவ் கிராஸோவர் போர்டு வாங்கி மாட்டி, ஸ்விட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு ட்வீட்டர் போய்விட்டது. எங்கே தப்பு?
(எலக்ட்ரீஷியன், திசையன்விளை)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு பிசைந்தது. எனக்கும் இது நடந்திருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் அங்கிருந்து ஆசையாக வாங்கி வந்த ஒரு ஜோடி பட்டுத்துணி டோம் ட்வீட்டர். பெட்டி கட்டி, கிராஸோவர் கட்டி, ஒரு மாலை நேரம் பட்டறையில் பாடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. கிராஸோவரின் சின்ன சப்ளை முதலில் செத்தது. ஆம்பின் பெரிய கண்டென்சர்களில் உயிர் இன்னும் மிச்சம் இருந்தது. ஐ.சி.யின் ப்ளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஒரே வேகத்தில் இறங்கவில்லை, அவுட்புட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதை ஆம்ப் நம்பிப் பெருக்கி ட்வீட்டருக்கு அனுப்பியது. மல்டிமீட்டர் வைத்தேன், முள் அசையவில்லை. அவரிடம் பணம் வாங்காமல் வேறு ஜோடி போட்டுக் கொடுத்தேன், ஆனால் அதே ட்வீட்டர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் மீறாத பழக்கங்கள் இவை. ட்வீட்டருக்கு வரிசையில் 33 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்று எப்போதும் இருக்கும். 8 ஓமில் அது 600 ஹெர்ட்ஸ் அருகிலும் அதற்குக் கீழேயும்தான் ஒலியைக் குறைக்கும். 2,400-இல் பிரிக்கும் ட்வீட்டரின் ஒலியைப் பெரிதாகத் தொடாது, ஆனால் நேர் மின்சாரத்தை உள்ளே விடாது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி இதைக் கழற்றுகிறவர்கள் உண்டு. நான் கழற்றமாட்டேன். அப்புறம், போடும்போது ஆம்ப் கடைசி, அணைக்கும்போது ஆம்ப் முதல். கரண்ட் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை என்பதால் கரண்ட் வந்து சில வினாடி கழித்தே ரிலே ஸ்பீக்கரைச் சேர்த்து, கரண்ட் போனதும் உடனே பிரித்துவிடும் புரொட்டெக்‌ஷன் போர்டும் வேண்டும். முதல் தடவை ட்வீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு பழைய டி.வி. ஸ்பீக்கரை மாட்டிப் போட்டுப் பாருங்கள். பேஸ் ஒயர் மாறி ட்வீட்டருக்குப் போயிருந்தால் அதில் தெரிந்துவிடும். உங்களுடையதும் இப்படி ஒயர் மாறியதாகவே இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

நான் பாட்டு டீச்சர். என் தம்பி எனக்காக டூ வே பெட்டி கட்டுகிறான். எந்த இடத்தில் பிரித்தால் பெண் குரல் கெடாது? பிரித்தது சரியாக இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?
(இசை ஆசிரியை, வள்ளியூர்)

டீச்சர், இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. ஐந்து கட்டை சுருதியில் உங்கள் மத்ய ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். தார ஷட்ஜம் 392, தார பஞ்சமம் 588. ஸ்வரங்களின் அடிநாதம் எல்லாம் 600-க்குள் முடிந்துவிடுகிறது. சாகித்யத்தில் வரும் 'ஸ' எழுத்தின் சீற்றம் 4,000-க்கு மேல். 2,400 ஹெர்ட்ஸ் பக்கம் பிரித்தால் அடிநாதமும் அதன் முதல் மூன்று நான்கு மடங்குகளும் ஒரே வூஃபரில் நிற்கும், சீற்றம் ட்வீட்டரில் நிற்கும். வூஃபர் ஆறரை இஞ்சுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பிக்கு மதிப்புகள்: 10 கிலோ ஓம், 4.7 நானோஃபாரட். லோ பாஸில் (வூஃபருக்குப் போகும் பாதை) இரண்டு 10 கே, ஐ.சி.யின் அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் கண்டென்சர் 9.4 நானோ, அதாவது 4.7 இரண்டு பக்கம் பக்கமாக, பேரலலில். கிரவுண்டுக்குப் போவது 4.7 ஒன்று. ஹை பாஸில் (ட்வீட்டருக்குப் போகும் பாதை) கண்டென்சர் இரண்டும் 4.7, திரும்பி வரும் ரெசிஸ்டன்ஸ் 10 கே, கிரவுண்டுக்கு 20 கே. ஒவ்வொரு பாதையிலும் இதே கட்டம் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. ஐ.சி. என்.இ. 5532 போதும். பிரிவு 2,394 ஹெர்ட்ஸில் விழும். அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டில் வேலை பார்த்த சீக்ஃப்ரீட் லின்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு எஞ்சினியர்களின் முறை இது. லின்க்விட்ஸ் 1976-இல் கட்டுரையாக வெளியிட்டார். பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும், ஒரே திசையில் அசையும், கூட்டினால் குறையாமல் சேரும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் சரியும்.

இப்போது சோதனை. பெட்டியைத் தட்டட்டிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், சுவர் எதிரொலி குறையும். மொபைலில் 2,400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை மெதுவாக வையுங்கள். சத்தமாக வைத்தால் ட்வீட்டர் சூடேறும். ஒரு மீட்டர் தள்ளி, ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் நடு உயரத்தில் காதை வையுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு ட்வீட்டர் ஒயர் இரண்டையும் மாற்றி மாட்டி மறுபடி போடுங்கள். சத்தம் சட்டென்று உள்வாங்கி ஏறக்குறைய காணாமல் போக வேண்டும். அப்படிப் போனால், ஒயரைப் பழையபடி மாற்றும்போது இரண்டும் கைகோத்து நிற்கிறது என்று பொருள். மாற்றினாலும் சத்தம் அப்படியே இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒத்துப்போகவில்லை.

அப்புறம், வூஃபரோடு ஒப்பிட்டு ட்வீட்டருக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு. இதற்கு நான் வைத்திருப்பது என் அம்மா பேசிய ஒரு கேசட். 1987-இல் பதிந்தது. "சாப்ட்டியால?" என்று தொடங்கும். முதலில் ட்வீட்டர் வால்யூமை முழுக்க மூடிவிடுவேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன். முதலில் பல் இடுக்கில் வரும் 'ச' தெரியும். பிறகு கேசட்டின் இரைச்சல் தெரியும். அந்த இரைச்சலும் அம்மா குரலும் ஒரே இடத்திலிருந்து வருகிற வரைக்கும் சரி. இன்னும் ஒரு நூல் திருப்பினால் இரைச்சல் மட்டும் தனியாகப் பிரிந்து குரலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். 'ச' வாணலியில் கடுகு மாதிரிப் பொரியும். அங்கே நிறுத்தி ஒரு நூல் பின்னால் வந்துவிடுவேன். மைக் வைத்து அளந்து பார்த்தாலும் அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில்தான் வருகிறது. உங்களுக்கு நெருக்கமான ஒரு குரலை நீங்களே தேர்ந்தெடுங்கள் டீச்சர்.

ஐ.சி. போர்டா, டி.எஸ்.பி.யா? நண்பர்கள் டி.எஸ்.பி. என்கிறார்கள்.
(எஞ்சினியரிங் மாணவி, அம்பாசமுத்திரம்)

டி.எஸ்.பி. என்பது ஒலியை எண்களாக்கிக் கணக்குப் போட்டுப் பிரிக்கும் சிப். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லது. ஏ.டி.ஏ.யு. 1701 சிப் போட்ட போர்டுகள் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினால் பிரியும் இடம் மாறிவிடும், ரெசிஸ்டன்ஸைப் பிடுங்கி ஈயம் வைக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அது ஒலியைத் தாமதிக்கத் தெரிந்தது. சாதாரணமாக வூஃபரின் காயில் ட்வீட்டர் காயிலைவிட மூன்று சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் என்று வையுங்கள். 2,400 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே நம் ஊர் வெப்பத்தில் பதினாலரை சென்டிமீட்டர்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பிசகுகிறது. மேலே டீச்சருக்குச் சொன்ன சோதனையில் சத்தம் உள்வாங்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஒலி ஒரு மில்லி செகண்டில் 35 சென்டிமீட்டர் போகும். மூன்று சென்டிமீட்டருக்கு 0.086 மில்லி செகண்ட் ட்வீட்டரைத் தாமதப்படுத்தினால் சரியாகிவிடும். டி.எஸ்.பி. இல்லாதவர்கள் பெட்டியின் முன்பலகையைப் பின்னால் சாய்த்துக் கட்டியோ, ட்வீட்டரைப் பின்தள்ளியோ இதைச் சமாளிக்கிறோம்.

என் வீட்டில் இருப்பது ஐ.சி. போர்டுதான். 20 வருஷம் கழித்துப் பழுதானாலும் ஜங்ஷனில் ஒரு கடையில் ஐ.சி. வாங்கி நானே மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் எனக்குப் பெரிது. நீங்கள் டி.எஸ்.பி.யில் தேடுங்கள். பிடித்த இடம் கிடைத்த பிறகு அதே எண்ணை ஐ.சி.யில் கட்டிக்கொள்ளலாம்.

வளவு வீடு, பத்துக்குப் பத்து அறை. எனக்கு இது தேவையா?
(டெய்லர், நெல்லை டவுன்)

கட்ட வேண்டாம், வாங்கிவிடுங்கள். பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோக்களில் வைக்கிற சின்ன மானிட்டர்களில் பலவற்றுக்கு உள்ளேயே கிராஸோவரும் இரண்டு ஆம்பும் இருக்கின்றன. பின்லாந்தின் ஜெனெலெக் 1978-இலேயே இப்படி ஒன்றைச் செய்துவிட்டது. வாங்கும்போது உள்ளே இரண்டு ஆம்ப் தனித்தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு ஆம்பை மட்டும் வைத்து 'ஆக்டிவ்' என்று விற்பதும் உண்டு.

நாலு ஆம்ப் ஆனதிலிருந்து 'உம்' என்று ஓயாத முனகல். எர்த் பின்னை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்கிறார்கள்.
(அச்சகத் தொழிலாளி, பேட்டை)

வெட்டாதீர்கள். ட்ரான்ஸ்ஃபார்மரில் கசிவு வந்தால் ஆம்பின் தகரப் பெட்டி முழுக்க மின்சாரம் நிற்கும்; தொடுகிறவருக்கு அந்தப் பின்தான் காவல். முனகலுக்குக் காரணம் வேறு. ஒரு ஆம்ப் ஒரு சுவர் பிளக்கில், இன்னொன்று எதிர்ச்சுவரில், நடுவில் ஆடியோ ஒயர் என்று எர்த் ஒரு வளையமாகச் சுற்றிக்கொள்கிறது. நாலு ஆம்பையும் கிராஸோவரையும் ஒரே பிளக் போர்டில் கொடுங்கள். கிராஸோவரின் ட்ரான்ஸ்ஃபார்மரை ஐ.சி. போர்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு ஆம்பின் ஆடியோ ஒயராக உருவிப் பாருங்கள். எதை உருவினால் நிற்கிறதோ அங்கே ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆடியோ ஒயருக்கென்றே சின்னதாகக் கிடைக்கும். பின் ஏற்கெனவே வெட்டியிருந்தால், இன்று மாலை பாட்டுப் போடுமுன் பிளக்கை மாற்றிவிடுங்கள்.